நிறுத்தச் சொன்ன காற்று

ஆடி பிறந்து ஏழாம் நாள், காலை பத்தேகால்.
சென்னையிலிருந்து ஃபோன்:
நாற்பத்தேழிலிருந்து அறுபது வரை மெஷினை நிறுத்துங்க,
கிரிட் தாங்காது.
சரி சார் என்றேன்.
என் முதுகுக்குப் பின்னே ஆரல்வாய்மொழிக் கணவாய்
வாய் மூடாமல் ஊதிக்கொண்டிருந்தது.

நிற்கிற மெஷினில்தான் ஏற முடியும்.
கிரீஸ் டப்பா, ஸ்பானர், இடுப்பில் பெல்ட்.
இடது கையில், சட்டைக்குள்,
பத்து ரூபாய் நாணயம் போல ஒரு வெள்ளை வட்டம்.
மகள் வாங்கி அனுப்பியது.
பதினாலு நாளுக்கு ஒன்று.
விலையைக் கேட்ட ஜெயசெல்வி
பதினாலைப் பன்னிரண்டால் பெருக்கி, வகுத்து,
கடைசியில் காலண்டரைத் திருப்பித் தொங்கவிட்டாள்.

ஏணியில் இருநூற்று எண்பத்தாறு படி.
நூற்று நாற்பதில் ஒரு தட்டு.
அங்கே நின்று எல்லாரும் போல்ட்டைத் தட்டிப் பார்ப்போம்.
மூச்சு வாங்குகிறது என்று
இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை.

உச்சியில் மூடியைத் திறந்தால்
தோவாளைப் பக்கம் பச்சை,
பணகுடிப் பக்கம் செம்மண்,
தெற்கே கடலா மேகமா என்று சொல்ல முடியாத ஒரு வெள்ளை.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கால் நடுங்கியது.
டவர் எப்போதும் கொஞ்சம் ஆடும்.
ஆடுவது டவரா நானா என்று யோசித்து முடிப்பதற்குள்
பாக்கெட்டில் ஃபோன் கத்தியது.

அறுபத்திரண்டு.
அம்புக்குறி கீழ்நோக்கி.

நேற்று இரவு மரச்சீனியும் சாளைக்குழம்பும்.
கிராஃப் தாடகை மலை மாதிரி எழும்பி நின்றது.
அந்த வெட்கத்தில் இன்று காலை
மாத்திரை மட்டும், சீனி போடாத காப்பி மட்டும்.

பெங்களூரிலிருந்து மகள்.
மீட்டிங்கிலிருந்து வெளியே வந்திருக்கிறாள், குரலில் படிக்கட்டு எதிரொலி.
அப்பா, மேலயா இருக்கீங்க?
இல்ல மக்கா, கீழதான்.
காற்று இரைகிற இரைச்சலில் அந்தப் பொய்
எண்பது மீட்டர் தள்ளாடி விழுந்தது.

பெபின் பதறிப்போய்ப் பையைத் துழாவி
பிஸ்கட் நீட்டினான். அட்டையில் பெரிய எழுத்தில்: சர்க்கரை இல்லாதது.
எனக்காகவே தேடி வாங்கியதாம்.
சிரிக்கவும் தெம்பில்லை.
கையுறைக்கு அடியில் நசுங்கிக் கிடந்த
இரண்டு மட்டிப்பழம்தான் காப்பாற்றியது.
மூன்று கடி. கிரீஸ் வாசனையோடு தேன்.
தோலைச் சட்டைப்பையில் வைத்தேன்,
மேலேயிருந்து எதையும் போடக்கூடாது என்பது விதி.

கால் மணி நேரம் உட்காரச் சொன்னது ஃபோன்.
உட்கார்ந்தேன்.

நாகர்கோவில் டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது:
ரத்தத்துல நிறையவே இருக்கு,
செல்லுதான் எடுக்க மாட்டேங்குது.
அன்றைக்கு விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.
இப்போது பார்க்கிறேன்,
பதினாலு மெஷின் இறக்கையை மடக்கிக்கொண்டு நிற்க,
நடுவே புகுந்து புகுந்து
பணகுடிக்கு ஓடுகிறது காற்று.
இருக்கிறது. இவ்வளவு இருக்கிறது.

எழுபத்தொன்று. எண்பத்தாறு.
கிரீஸ் வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினோம்.

ராத்திரி எட்டரைக்கு வீட்டில் கரண்ட் போயிற்று.
அடுக்களை இருட்டிலிருந்து ஜெயசெல்வி:
உங்க மெஷினெல்லாம் என்னத்த செய்யுது?
நான் பதில் சொல்லவில்லை.
பக்கத்து வீட்டு எட்வின்ராஜ் மாடியில் சோலார் பதித்திருக்கிறார்,
அந்த வெளிச்சம் எங்கள் கிழங்குச் சட்டி வரை வந்தது.
நாலு துண்டு வைத்தாள். எண்ணித்தான் வைத்தாள்.
ஐந்தாவதை அவள் தட்டிலிருந்து எடுத்தபோது
பார்க்காதது போல இருந்தாள்.

பதினொன்று நாற்பதுக்கு ஃபோன்:
மெஷினை எடுங்க.
ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தேன்.
முருங்கை இலைகூட அசையவில்லை.
ஷிப்டில் இருந்தவனுக்குச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

இடப்பக்கம் படுத்தால் வட்டம் நசுங்கி
இல்லாத சரிவைக் காட்டும்,
பெங்களூரில் ஒருத்தி எழுந்து உட்காருவாள்.
வலப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.